டவுனா, பாளையா?

திருநெல்வேலிக்கு மாற்றலாகி வருகிற யாரும் முதல் நாளே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். "வீடு எங்க சார் பாக்கப் போறிய? டவுனா, பாளையா?" டீ வாங்கிவரும் பையன் முதல் தலைமை எழுத்தர் வரை எல்லோரிடமும் இதற்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. தரகர் ஒருவர் கிடைத்துவிட்டால் அடுத்த கேள்வியும் கூடவே வரும்: "பிள்ளையள எங்க சேக்கப் போறிய அண்ணாச்சி?" அதற்குக் கிடைக்கும் பதிலை வைத்தே அவர் வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று முடிவு செய்துவிடுவார்.

நடுவே தாமிரபரணி. மேற்கே நெல்லையப்பர் கோயிலும் அதைச் சுற்றிய ஊரும், அதுதான் டவுன். கிழக்கே பாளையங்கோட்டை. கோயில் வாசலிலிருந்து பாளை பஸ் நிலையத்துக்கு ஏறத்தாழ ஆறு கிலோமீட்டர். புதிதாக வருபவரைக் குழப்புகிற விஷயம் ஒன்று உண்டு. மாவட்டத்துக்குப் பெயர் கொடுத்தது மேற்குக் கரை. ஆனால் கலெக்டர் அலுவலகம் கிழக்குக் கரையில், கொக்கிரகுளத்தில் இருக்கிறது. மத்திய சிறையும் மருத்துவக் கல்லூரியும் அந்தப் பக்கம்தான். திருநெல்வேலிக்கு வேலைக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் உண்மையில் பாளையங்கோட்டைக்கு வேலைக்கு வருகிறார்கள். இந்த ஏற்பாடு இருநூறு வருஷத்துக்கும் மேல் பழையது.

மேற்குக் கரையை உருவாக்கியது கோயில். நெல்லையப்பர் சந்நிதியையும் காந்திமதி அம்மன் சந்நிதியையும் இணைக்கும் சங்கிலி மண்டபத்தை வடமலையப்ப பிள்ளையன் 1647இல் கட்டினார் என்பார்கள். அதற்கு முன்பே நாலு ரத வீதியும் அவற்றிலிருந்து பிரியும் தெருக்களுமாக ஊரின் வரைபடம் உறுதிப்பட்டுவிட்டது. தேர் ஓட வேண்டும் என்பதால் ரத வீதிகள் அகலம்; தேருக்கு வேலை இல்லாத உள் தெருக்கள் ஒடுக்கம். சாதிக்கு ஒரு தெரு என்று அமைந்த ஊரில் வாடகைக்கு வீடு கிடைப்பதும் அந்தக் கணக்குப்படிதான் நடந்தது. வீட்டுக்காரர் நேராகக் கேட்கமாட்டார். "சொந்த ஊரு எது?" என்பார். ஊரைச் சொன்னதும், "அங்க எந்தத் தெரு?" என்பார். அதிலேயே அவருக்கு வேண்டிய தகவல் வந்துவிடும்.

டவுனில் குடியேறியவருக்கு வாய்த்தது பெரும்பாலும் வளவு வீடு. தெருவைப் பார்த்து ஒரே ஒரு பெரிய கதவு. உள்ளே நுழைந்தால் நீளமான முற்றம், இரண்டு பக்கமும் எதிரெதிராகக் குடித்தனங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திண்ணை, ஓர் அறை, ஓர் அடுக்களை. கோடியில் கிணறு, துவைக்கிற கல், அதற்கும் பின்னால் எல்லோருக்கும் பொதுவான கக்கூஸ். வீட்டுக்காரர் முன்பக்கத்து வீட்டில் இருப்பார்; போகிறவர் வருகிறவர் யாரும் அவர் கண்ணுக்குத் தப்ப முடியாது. ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளை, பள்ளிக்கூடத்துச் சார்வாள், கோயில் சிப்பந்தி எல்லோரும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைத்தார்கள். அந்தரங்கம் என்பதே கிடையாது. காய்ச்சலில் படுத்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க ஆளும் உண்டு. சுடலைமாடன் கோயில் தெருவில் வாழ்ந்த வண்ணதாசனும் கலாப்ரியாவும் இந்த மாதிரித் தெருக்களையும் வீடுகளையும் தமிழ் இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார்கள். டவுனைப் பார்த்திராத வாசகருக்குக் கூட அங்கே ஒரு முகவரி கிடைத்தது அப்படித்தான்.

வெளியூர்க்காரர்களுக்கு டவுனில் இடமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. வியாபாரம் என்று வந்தவர்களைக் கோயில் வாசல் எப்போதும் சேர்த்துக்கொண்டது. திருநெல்வேலியின் பெருமையாகிய அல்வாவைக் கிண்டியவர்களே வடக்கே ராஜபுதனத்துப் பக்கமிருந்து வந்த சிங் குடும்பத்தார்தான். இருட்டுக்கடை இன்றும் கீழரத வீதியில், நெல்லையப்பர் கோயிலுக்கு எதிரே இருக்கிறது. சர்க்கார் உத்தியோகஸ்தர்கள்தான் இந்தக் கரையில் அவ்வளவாகத் தங்கவில்லை.

அவர்களுக்காகவே வளர்ந்தது கிழக்குக் கரை. பாளையங்கோட்டையில் கோட்டை இருந்தது. கோட்டையில் கும்பெனிப் படை இருந்தது. கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட பிறகு ஊமைத்துரையையும் மற்றவர்களையும் அங்கேதான் சிறை வைத்தார்கள். 1801 பிப்ரவரி 2ஆம் தேதி, ஆங்கிலேயர்கள் மேஜர் மெக்காலேயின் தோட்ட வீட்டில் விருந்தில் உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து, அவர்கள் தப்பிப் பாஞ்சாலங்குறிச்சிக்குப் போய்விட்டார்கள். கோட்டையின் மேற்கு வாசல் பிற்காலத்தில் மேடை போலீஸ் ஸ்டேஷன் ஆனது. கட்டபொம்மன் பெயரில் 1974இல் போக்குவரத்துக் கழகம் வந்து, இன்று அதே பாளையில் கே.டி.சி. நகர் என்று ஒரு குடியிருப்பும் இருக்கிறது. சரித்திரம் சில சமயம் இப்படியும் வாடகை வசூலிக்கும்.

பாளைக்குப் பெயர் வாங்கித் தந்தவர்கள் பெரும்பாலும் எங்கிருந்தோ வந்தவர்கள். தஞ்சாவூரில் மராட்டிய பிராமணக் குடும்பத்தில் பிறந்து, கணவனை இழந்து, லிட்டில்டன் என்ற ஆங்கில அதிகாரியோடு இங்கு வந்து சேர்ந்தார் கோகிலா. 1778இல் ஸ்வார்ட்ஸ் பாதிரியாரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் கிளாரிந்தா ஆனார். அவர் கட்டிய ஆலயம் 1785இல் திறக்கப்பட்டது. ஊர் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே சொல்லிக்கொண்டது. பிரஷ்யாவில் பிறந்த ரேனியஸ் 1820இல் சென்னையிலிருந்து இங்கே வந்தார். ஊசிக்கோபுரம் என்று ஊர் அழைக்கும் தூய திரித்துவ ஆலயம் 1826இல் திறக்கப்பட்டது. ஆலயங்களைச் சுற்றிப் பள்ளிகள், பள்ளிகளைச் சுற்றி ஆசிரியர் பயிற்சி நிலையங்கள், காது கேளாதோருக்கும் பார்வையற்றோருக்கும் தனித்தனிப் பள்ளிகள். கத்தோலிக்கர் பங்குக்குத் தூய சவேரியார் கல்லூரி 1923இல் வந்தது. தென்னிந்தியாவின் ஆக்ஸ்போர்டு என்ற பட்டம் கொஞ்சம் மிகைதான், ஆனால் தரகர் "பிள்ளையள எங்க சேக்கப் போறிய?" என்று கேட்பதற்குக் காரணம் இந்தப் பள்ளிகள்தான்.

இரண்டு கரைக்கும் நடுவே வெகுகாலம் படகும் பரிசலும்தான். ஆற்றில் தண்ணீர் குறைந்தால் இறங்கி நடக்கலாம். மழைக்காலத்தில் அந்தக் கரை வேறு ஊர். கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோச்சன முதலியார் தம் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக்கொடுத்தார். செலவு ஐம்பதாயிரம் ரூபாய். 1843 நவம்பரில் திறந்தார்கள். முதலியாரும் உள்ளூர்க்காரர் அல்ல, தொண்டை மண்டலத்திலிருந்து உத்தியோகத்துக்காக வந்தவர். லண்டனில் தேம்ஸ் ஆற்றின் மேல் இருந்த வாட்டர்லூ பாலத்தின் மாதிரியில் கட்டியது என்று ஊரில் சொல்வார்கள். லண்டன்காரர்கள் தங்கள் பழைய பாலத்தை 1930களில் இடித்துவிட்டார்கள். நெல்லைப் பாலம் 1869 வெள்ளத்தில் அடிபட்டு, பழுது பார்க்கப்பட்டு, இன்றும் பஸ்களைத் தாங்குகிறது.

பாலம் வந்தால் இரண்டு ஊரும் ஒன்றாகிவிடும் என்று நினைத்தவர்கள் ஏமாந்தார்கள். டான்யூப் நதியின் இரு கரையிலும் இருந்த புடாவுக்கும் பெஸ்டுக்கும் 1849இல் பாலம் வந்தது. 1873இலேயே இரண்டும் சேர்ந்து புடாபெஸ்ட் ஆயின. நெல்லையில் பாலத்துக்குப் பிறகு 1866இல் திருநெல்வேலிக்கு ஒரு நகராட்சி, பாளையங்கோட்டைக்கு ஒரு நகராட்சி என்று பிரிவினை சட்டப்பூர்வமானது. 1901 மக்கள்தொகைக் கணக்கில் திருநெல்வேலியில் 40,469 பேர், பாளையங்கோட்டையில் 39,545 பேர். தொள்ளாயிரத்துச் சொச்சம் பேர்தான் வித்தியாசம். யாரும் யாருக்கும் அடங்க வேண்டிய அவசியம் இல்லை.

இதற்கிடையில் 1876இல் ரயில் வந்தது. ஸ்டேஷன் டவுனிலும் இல்லை, பாளையிலும் இல்லை. பாலத்துக்கு மேற்கே வீரராகவபுரத்தில் அமைந்தது. பழைய பெயரே 'டின்னவேலி பிரிட்ஜ்'. 1904இல் கொல்லத்துக்கு மலைப்பாதை திறந்ததும், 1923இல் திருச்செந்தூர் பாதை வந்ததும் ஜங்ஷன் என்ற மூன்றாவது ஊர் உருவாகிவிட்டது. லாட்ஜ், கிளப்புக் கடை, லாரி செட், வக்கீல் குமாஸ்தா, பயண விற்பனையாளர்: குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுத் தனியாக வந்தவர்களுக்கு ஏற்ற இடம். டவுன்காரர்கள் ஜங்ஷனுக்கு வர ரயில்வே கேட்டில் காத்துக் கிடந்தார்கள். 1973இல் திருவள்ளுவர் ஈரடுக்கு மேம்பாலம் திறந்த பிறகுதான் அந்தக் காத்திருப்பு தீர்ந்தது. கீழே சைக்கிளும் நடையும், மேலே பஸ்ஸும் லாரியும்.

இரண்டு கரையிலும் படித்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் புதுமைப்பித்தனைச் சொல்லலாம். தாசில்தாராக ஊர் ஊராக மாற்றலில் அலைந்த அப்பா 1918இல் ஓய்வு பெற்றுச் சொந்த ஊர் திரும்பினார். பையன் படித்தது கிழக்கே யோவான் கல்லூரியைச் சேர்ந்த பள்ளியில், 1931இல் பி.ஏ. பட்டம் வாங்கியது மேற்கே இந்துக் கல்லூரியில். அவர் கதைகளில் வரும் சைவ வேளாளரையும் கிறிஸ்தவப் பாதிரியையும் ஒரே எள்ளலோடு பார்க்க அவருக்குப் பாலத்தின் இரு முனையும் பழக்கமாக இருந்தது உதவியிருக்கும்.

கரைகளின் குணவேறுபாடு அரசியலிலும் தெரிந்தது. 1908 மார்ச்சில் வ.உ.சி. கைதானபோது திருநெல்வேலியில் கடைகள் அடைபட்டன, நகராட்சி அலுவலகமும் தபால் நிலையமும் தீக்கிரையாயின, துப்பாக்கிச் சூட்டில் நாலு பேர் இறந்தார்கள். கலவரம் கொதித்தது டவுன் பக்கம். ஐரோப்பியரின் பங்களாக்கள் இருந்தது பாளைப் பக்கம்.

சுதந்திரத்துக்குப் பிறகு கிழக்குக் கரையின் கை ஓங்கியது. 1965இல் மருத்துவக் கல்லூரி ஹைகிரவுண்டில் வந்ததும் டாக்டர்கள், நர்சுகள், மாணவர்கள், நோயாளிகளின் உறவினர்கள் என்று வாடகைக்கு ஆள் பெருகியது. மகாராஜ நகர், தியாகராஜ நகர், பெருமாள்புரம், என்.ஜி.ஓ. காலனி என்று மனைகள் பிரிந்தன. வளவு மறைந்து போர்ஷன் வந்தது: மாடியில் ஒரு குடித்தனம், கீழே வீட்டுக்காரர், தனி மீட்டர், தனிக் குழாய். மாற்றலில் வந்தவர்கள் ஓய்வு பெறும்போது ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே மனை வாங்கித் தாங்களும் மாடி கட்டி வாடகைக்கு விட்டார்கள். 1990இல் மனோன்மணீயம் சுந்தரனார் பல்கலைக்கழகம் மேற்கே, பேட்டையும் தாண்டி அபிஷேகப்பட்டியில் அமைந்தது. அதற்காகக் குடியிருப்பு எல்லாம் மேற்கே நகர்ந்துவிடவில்லை. அங்கே தமிழ்த்துறைத் தலைவராக இருந்த தொ.பரமசிவனே பாளையங்கோட்டையில் பிறந்து பாளையங்கோட்டையிலேயே வாழ்ந்தவர்தான்.

1994 ஜூன் 1ஆம் தேதி திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் சேர்ந்து ஒரே மாநகராட்சி ஆயின. பாலம் கட்டி நூற்றைம்பது வருஷம் கழித்து! காகிதத்தில் ஒன்றானாலும் பஸ்ஸில் ஏறினால் நடத்துநர் இன்னும் "டவுன், டவுன்" என்றும் "பாளை, பாளை" என்றும்தான் கூவுகிறார். 2003இல் புது பஸ் ஸ்டாண்டை வேய்ந்தான்குளத்தில் கட்டியபோது வெளியூர்ப் பஸ்கள் ஜங்ஷனை விட்டுப் பாளைப் பக்கம் போயின. தினமும் நாகர்கோவிலுக்கோ மதுரைக்கோ போய்வருகிறவர் பெருமாள்புரத்தில் வீடு தேட அதுவும் ஒரு காரணம் ஆனது.

டவுனிலிருந்து புதுக் காலனிகளுக்குச் சாதிக் கேள்வியும் கூடவே வந்தது. காலனி என்பது சாதி பார்க்காத இடம் என்று ஒரு பேச்சு உண்டு. அது பாதி உண்மை. தெருப் பெயரில் சாதி போய்விட்டது, 'சைவம் மட்டும்' என்று எழுதிய அட்டை கேட்டில் தொங்குகிறது. தலித் குடும்பமும் முஸ்லிம் குடும்பமும் வாடகைக்கு விசாரிக்கும்போது "நேத்துதான் ஆள் வந்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போனாவ" என்ற பதில் அடிக்கடி கிடைக்கும். மேலப்பாளையத்தில் முஸ்லிம்கள் நெருங்கி வாழ்வதற்கு நெசவுக் காலத்துப் பழமை ஒரு காரணம். மற்ற பக்கங்களில் கதவு திறக்காதது இன்னொரு காரணம்.

கடைசியாகச் சேர்ந்த கணக்கு ஆற்றுடையது. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருப்பதால் வெள்ளம் வந்தால் முங்கும். உற்சவரைக் கரைக்குக் கொண்டுவந்துவிடுவார்கள். அது ஊருக்குப் பழகிப்போன காட்சி. 1992 நவம்பர் வெள்ளம் அப்படிப் பழக்கமானது அல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கடலோரம் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டருக்குச் சற்றே குறைவாக மழை கொட்டியபோது, இங்கே ஜங்ஷன் பஸ் நிலையத்தில் தண்ணீர் நின்றது, கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தையே வெள்ளம் சூழ்ந்தது. ஆற்றைப் பார்த்த வீடு என்று கூடுதலாக வாடகை கேட்டவர்கள் அதற்குப் பிறகு கொஞ்ச நாள் வாயைத் திறக்கவில்லை. இப்போது வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயைத் திறந்து பார்ப்பதற்கு முன்னால் சுவரைப் பார்க்கிறார்கள். "இருபத்திமூணுல இங்க எவ்வளவு ஏறுச்சு?" என்று கேட்கிறார்கள். வீட்டுக்காரர் முழங்காலைக் காட்டினால் தரகர் வண்டியை ஹைகிரவுண்டுப் பக்கம் திருப்புகிறார்.