கோலாலம்பூர்த் திரையில் கித்தார் இசை

1963 டிசம்பர் 28ஆம் நாள் கோலாலம்பூரில் தொலைக்காட்சி பிறந்தது. பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் அதைத் தொடக்கி வைத்தார். நான்கு நாள் கழித்து, 1964 ஜனவரி 1இல், பிரிட்டனில் பிபிசியின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' முதன்முறையாக ஒளிபரப்பானது. கித்தார்க் குழுக்களை வீட்டுக் கூடத்துக்குக் கொண்டுவந்த நிகழ்ச்சிகளில் உலகப் புகழ் பெற்றது அது. மலேசியத் தொலைக்காட்சியும் கித்தார் அலையும் ஒரே காலத்தில் வளர்ந்தன என்பதற்கு இந்த இரு தேதிகளே போதும்.

கோலாலம்பூர் நிலையத்துக்குத் தொடக்கத்தில் சொந்தக் கட்டடம் இல்லை. ஜாலான் அம்பாங்கில் உள்ள துங்கு அப்துல் ரஹ்மான் மண்டபமே தற்காலிகப் படப்பிடிப்புக் கூடம் ஆயிற்று. ஈய, ரப்பர்த் தொழிலில் பெரும் செல்வம் சேர்த்த யூ தோங் சென் 1935இல் கட்டிய மாளிகை வளாகம் அது. 1957இல் நாட்டின் முதல் மாமன்னர் அங்குதான் அரியணை ஏறினார்; 1959இல் முதல் நாடாளுமன்றமும் அங்குதான் கூடியது. அப்படிப்பட்ட இடத்தில் ஒளிபரப்புக் கருவிகள் வந்து இறங்கின. ஒளிபரப்பு முதலில் கோலாலம்பூர், கிள்ளான் வட்டாரத்துக்கு மட்டுமே எட்டியது. பெட்டி வைத்திருப்போர் ஆண்டுக்கு 24 வெள்ளி உரிமக் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. அந்தச் செலவு எல்லாருக்கும் கட்டுப்படியாகவில்லை. அண்டை வீட்டுக் கூடத்திலும் காப்பிக் கடையிலும் சமூக மண்டபத்திலும் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்பதே வழக்கமாக இருந்தது.

அந்நாளைய இளைஞர்களின் காதில் ஏற்கெனவே கித்தார் ஒலித்துக்கொண்டிருந்தது. கிளிஃப் ரிச்சர்டும் அவருடைய ஷேடோஸ் குழுவும் 1961இல் சிங்கப்பூருக்கு வந்து பாடிவிட்டுப் போயிருந்தனர். அவர்களைப் பார்த்துத் தீபகற்பம் எங்கும் மூன்று கித்தார், ஒரு டிரம்ஸ் என்று இளைஞர் குழுக்கள் முளைத்தன. மலாயில் இவற்றுக்குக் 'குகிரான்' என்று பெயர். பீட்டில்ஸ் பாட்டின் 'யே யே' ஒலியிலிருந்து 'பாப் யே யே' என்ற இசை வகை கிளம்பியது. எம். ஒஸ்மான், ஜெஃப்ரிடின், ஏ. ராம்லி முதலியோர் அதன் முன்னணிப் பாடகர்கள். மெட்டும் தாளமும் மேற்கிலிருந்து வந்தன. பாட்டின் சொல்லும் குரலின் குழைவும் மலாய் மண்ணுக்கு உரியவை. பிரிட்டனில் ஃபேர்போர்ட் கன்வென்ஷன் 1969 டிசம்பரில் 'லீஜ் அண்ட் லீஃப்' என்ற தொகுப்பை வெளியிட்டுப் பழைய கிராமப் பாடல்களை மின் கித்தாரில் ஏற்றியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, வேறொரு வழியில், இங்கே உள்ளூர்க் குரலும் மின் கித்தாரும் ஒன்று சேர்ந்திருந்தன. இந்த ஒப்புமை உலக இசை வரலாறுகளில் அரிதாகவே பேசப்படுகிறது. பேசப்பட வேண்டிய ஒன்று.

இந்தக் குழுக்களில் இந்திய வம்சாவளியினர் பலர் இருந்தனர். கோலாலம்பூரின் ஜேஹாக்கர்ஸ் குழுவின் கித்தார்க் கலைஞர் ஜோ செல்லையா, சிங்கப்பூரின் குவெஸ்ட்ஸ் குழுவின் ரெஜி வர்கீஸ் ஆகியோர் அவர்களில் குறிப்பிடத்தக்கவர்கள். இரயில்வேயிலும் அரசு அலுவலகங்களிலும் வேலை பார்த்த குடும்பங்கள் பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் போன்ற பகுதிகளில் குடியிருந்தன. மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கித்தாரும் தேவாலயப் பாடகர் குழுவும் பள்ளி 'டேலண்டைம்' போட்டியும் பழக்கமானவை. தோட்டப்புறத் தமிழருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர்களுடைய இசை உறுமியிலும் தப்பிலும் கோயில் திருவிழாவிலும் வேர் ஊன்றியிருந்தது; அதை மின் கித்தாரோடு சேர்த்துப் பார்க்கும் குழு அந்நாளில் திரைக்கு வரவில்லை. ஒரே சமூகத்தின் இந்த இரண்டு பிரிவுகளும் இசையால் சந்திக்க இன்னும் பல ஆண்டுகள் ஆயின.

தமிழுக்கு இடம் கொடுப்பதில் வானொலி முந்திக்கொண்டது. 1946 ஏப்ரல் 1இல் தொடங்கிய மலாயா வானொலி 1959 தொடக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு இடம் பெயர்ந்தது. மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் என்று நான்கு மொழிக்கும் அதில் தனித்தனிப் பிரிவு உண்டு. தமிழ்ப் பிரிவில் உள்ளூர்ப் பாடகருக்கும் இசைக்குழுவுக்கும் நாடகத்துக்கும் நாள்தோறும் நேரம் கிடைத்தது. தொலைக்காட்சியிலோ நான்கு மொழிகளும் ஒரே திரையைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பிபிசிக்கு இந்த நெருக்கடி இல்லை. கோலாலம்பூர் நிலையத்தின் ஒவ்வொரு முடிவிலும் இது இருந்தது. தமிழுக்கு வாரத்தில் கிடைத்த சிறிய நேரத்தைச் செய்தியும் இந்தியாவிலிருந்து வந்த திரைப்படமும் எடுத்துக்கொண்டால், உள்ளூர்க் குழுவுக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான்.

1969இல் நிலைமை கொஞ்சம் தளர்ந்தது. பங்சார் அருகே எழுந்த அங்காசாபுரி வளாகத்துக்குத் தொலைக்காட்சி குடிபெயர்ந்தது. வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே நிறுவனமாகி ஆர்டிஎம் என்று அறியப்பட்டன. அவ்வாண்டு நவம்பர் 17இல் இரண்டாம் அலைவரிசை தொடங்கியது. தமிழ், சீன, ஆங்கில நிகழ்ச்சிகள் பெரும்பாலும் அதற்குப் போயின. ஆனால் அதே ஆண்டு மே 13 இனக் கலவரம் நாட்டை உலுக்கியிருந்தது. அதன் தொடர்ச்சியாக, 1971 ஆகஸ்டில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கூடிய தேசியப் பண்பாட்டு மாநாடு, இவ்வட்டாரப் பூர்வகுடிப் பண்பாடே தேசியப் பண்பாட்டின் அடித்தளம் என்றும், பொருத்தமான பிற பண்பாட்டுக் கூறுகளை ஏற்கலாம் என்றும், இஸ்லாம் அதில் முக்கியக் கூறு என்றும் வகுத்தது. அரசு நிலையத்தின் இசை நிகழ்ச்சிகள் அந்த வழியில் நடந்தன. தேசிய அளவில் பெயர் பெற விரும்பிய எந்தக் கலைஞருக்கும் மலாய்ப் பாடலே வாசல் ஆயிற்று. பிந்தாங் ஆர்டிஎம் பாட்டுப் போட்டியில் 1976இல் வென்ற சுடிர்மான் அர்ஷாட் ஒரே மேடையிலிருந்து நாட்டின் பெருங்கலைஞராக உயர்ந்தார். திரையின் ஆற்றல் அவ்வளவு பெரியது. 1978 டிசம்பர் 28இல், தொலைக்காட்சியின் பதினைந்தாம் பிறந்தநாளில், அந்தத் திரைக்கு வண்ணமும் வந்தது.

வண்ணத் திரையில் மின்னிய குழு அலிகேட்ஸ். பினாங்கைச் சேர்ந்த தமிழ்ச் சகோதரர்கள் லோகநாதன் ஆறுமுகமும் டேவிட் ஆறுமுகமும் அதன் குரல்கள். 1970களில் ஹாங்காங் இரவு விடுதிகளில் பாடித் தேர்ந்து, அப்பத்தாண்டின் முடிவில் மலாய்ப் பாடல்களுக்குத் திரும்பினார்கள். பெரிய சுருள் முடியோடு இருவரும் நின்று பாடும் காட்சி ஒரு தலைமுறை முழுவதற்கும் நினைவில் பதிந்தது. 'ஹிங்கா அகிர் நந்தி' போன்ற பாடல்களை மலாய்க்காரரும் சீனரும் தமிழரும் ஒன்றுபோலப் பாடினார்கள். மலேசியத் தமிழர் இசையின் மிகப் பெரிய தொலைக்காட்சி வெற்றி மலாய் மொழியில் கிடைத்தது. அதில் பெருமையும் உண்டு, ஓர் இழப்பும் உண்டு. இரண்டில் ஒன்றை மறைப்பது வரலாற்றுக்கு நேர்மை ஆகாது.

தமிழ் நாட்டுப்புற இசையும் மேற்கத்திய வாத்தியமும் கலந்த ஒலி மலேசியத் தமிழரை வேறு வழியாக அடைந்தது. 1976இல் 'அன்னக்கிளி' படத்தில் தொடங்கி இளையராஜா அமைத்த பாடல்களில் கிராமத்து மெட்டுக்குக் கீழே கித்தாரும் பேஸும் ஓடின. 1977இல் வெளிவந்த '16 வயதினிலே' படத்தில் அந்த இசைக்குக் குரல் கொடுத்தவர்களில் ஒருவர் மலேசியா வாசுதேவன். மலேசியாவில் பிறந்து, இங்குள்ள நாடக மேடைகளில் பழகிச் சென்னைக்குப் போனவர் அவர். பிரிட்டிஷ் நாட்டுப்புற ராக் இசைக்குத் தமிழில் இணை தேடினால் இந்தத் திரைப்பாடல்களே முதலில் வந்து நிற்கும்.

அக்காலத் தொலைக்காட்சி நிகழ்ச்சிகளில் நேரலையில் போனவை போனவையே. பிபிசியே 1960களின் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' ஒளிநாடாக்களில் பெரும்பகுதியை அழித்துவிட்டது. நாடா விலை உயர்ந்தது, அதே நாடாவில் மறுபடி பதிவு செய்வது சிக்கனம். ஃபேர்போர்ட் கன்வென்ஷனின் தொடக்க காலக் காட்சி 1968இல் பாரிஸில் 'பூத்தோன் ரூஷ்' என்ற பிரெஞ்சு நிகழ்ச்சிக்காகப் படமாக்கப்பட்டதால்தான் இன்று பார்க்கக் கிடைக்கிறது. தொலைக்காட்சி இசையின் வரலாற்றை எழுதுவோர் எல்லா நாட்டிலும் இந்த வெற்றிடத்தோடுதான் வேலை செய்கிறார்கள்.

1984 ஜூன் 1இல் நாட்டின் முதல் தனியார் நிலையமான டிவி3, முதலில் கிள்ளான் பள்ளத்தாக்குக்கு மட்டும், ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் 'மூசிக் மூசிக்' நிகழ்ச்சியிலிருந்து எழுந்த 'அனுகெரா ஜுவாரா லாகு' போட்டியில் 1986இல் ஃபிரான்சிஸ்கா பீட்டர் பாடிய பாடல் முதல் வெற்றியைப் பெற்றது. அரசு நிலையம் கட்டுப்பாட்டை விடவில்லை: 1992இல் நீள்முடி ராக் கலைஞர்களுக்குத் தடை வந்தது, முன்னணிப் பாடகர்கள் அமியும் அவியும் முடி வெட்டிக்கொண்ட பிறகே மீண்டும் திரைக்கு வர முடிந்தது.

தமிழுக்கு நேரப் பங்கீட்டின் இறுக்கம் 1996இல் தளர்ந்தது. அவ்வாண்டு தொடங்கிய அஸ்ட்ரோ செயற்கைக்கோள் சேவையில் வானவில் என்ற முழுநேரத் தமிழ் அலைவரிசை இடம்பெற்றது. கோலாலம்பூரின் பொயட்டிக் அம்மோ குழுவிலிருந்து வந்த யோகி பி, நட்சத்திரா குழுவோடு சேர்ந்து 2006இல் 'வல்லவன்' தொகுப்பை வெளியிட்டபோது, மலேசியத் தமிழ் ராப் பாடல் கடல் தாண்டிச் சென்னை வரை போனது. 1960களின் கித்தார்க் குழுக்களுக்குத் தமிழில் கிடைக்காத திரை, அவர்களுடைய பிள்ளைகளின் வயதினருக்கு இப்படிக் கிடைத்தது.