அறிவை அளந்த கோல்

ஒருவனுக்கு அறிவு இவ்வளவுதான் என்பது அவன் பிறப்பிலேயே விதிக்கப்பட்டுவிட்டது என்னும் கொள்கை மிகப் பழையது. முற்காலத்தில் அதற்குச் சாஸ்திரத்தை ஆதாரமாகக் காட்டினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அக்கொள்கை எண்களை ஆடையாக உடுத்திக்கொண்டு வந்தது. எண் என்றால் நம்மவர்க்கு ஒரு மரியாதை உண்டு. ஆதலின் அந்த எண் எங்கே பிறந்தது, எவர் கையில் எவ்வாறு உருமாறியது என்பதை நாம் ஆராய்ந்தறிதல் நலம்.

1884-ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் நடைபெற்ற சுகாதாரப் பொருட்காட்சியில், டார்வினுக்கு உறவினரான பிரான்சிஸ் கால்டன் ஒரு சோதனைச் சாலை அமைத்தார். மூன்று பென்ஸ் கொடுத்தவர்களின் பார்வை, செவிப்புலன், கைப்பிடியின் வலிமை முதலியன அங்கே அளக்கப்பட்டன. மேன்மக்களின் புலன்கள் கூர்மையாயிருக்கும் என்பது அவர் துணிபு. அவர் வழியைப் பின்பற்றி எடுத்த அளவுகளை 1901-ல் கொலம்பியா கலாசாலை மாணவரின் படிப்போடு ஒப்பிட்டபோது, இரண்டுக்கும் தொடர்பே காணப்படவில்லை.

வழி கண்டவர் பாரிஸ் நகரத்து ஆல்பிரெட் பினே. அவரும் முதலில் பள்ளிப் பிள்ளைகளின் தலைகளை அளந்து பார்த்தவரே. அதனால் பயனில்லை என்று கண்டு விட்டொழித்தார். 1904-ல் பிரெஞ்சுக் கல்வி இலாகா ஒரு கமிட்டியை நியமித்தது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளைகளுள் தனிப் போதனை வேண்டியவர் யாவர் என்று கண்டுபிடித்தல் வேண்டும். அதனை உபாத்தியாயரின் விருப்பு வெறுப்புக்கு விட்டுவிடலாகாது. இதன்பொருட்டுப் பினே, சிமோன் என்னும் வைத்தியருடன் கூடி 1905-ல் முப்பது சோதனைகளை வெளியிட்டார். எரியும் தீக்குச்சியைக் கண்ணால் தொடர்தல், படத்திலுள்ள பொருள்களின் பெயர் கூறுதல், எண்களைக் கேட்டு ஒப்பித்தல், எடைகளை ஒப்பிடுதல் போன்றவை அவை. 1908-ல் இன்ன வயதுப் பிள்ளை இன்னது செய்யும் என்று வரிசைப்படுத்தினார். அவ்வரிசையில், இரு முகங்களைக் காட்டி எது அழகியது என்று கேட்கும் வினாவும் ஒன்று! அழகு யார் கண்ணுக்கு என்று எவரும் அவரைக் கேட்கவில்லை போலும்.

எனினும் பினேயின் உள்ளம் நேரியது. பிள்ளையின் அறிவு இவ்வளவே, இனி வளராது என்று தீர்ப்பளிப்பாரை அவர் 1909-ல் எழுதிய நூலிலே வன்மையாகக் கண்டித்தார். பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கவனத்தைப் பழக்கும் பயிற்சிகளும் வகுத்தார். சிலைபோல் அசையாது நிற்கும் விளையாட்டு அவற்றுள் ஒன்று. அவருக்கு அந்தச் சோதனை, எங்கே உதவி தேவை என்று காட்டும் விளக்கு. 1911-ல் அவர் இறந்தார். விளக்கு பிறர் கைக்குப் போயிற்று.

ஜெர்மானியரான ஸ்டெர்ன் 1912-ல் மன வயதை உடல் வயதால் வகுத்து ஓர் ஈவு கண்டார். அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையின் டெர்மன் 1916-ல் அதனை நூறால் பெருக்கினார். அன்று முதல் ஒரு பிள்ளையின் அறிவு முழுவதும் ஒரே எண்ணாயிற்று. இதே டெர்மன் 1921-ல் தொடங்கி, உயர்ந்த எண் பெற்ற பிள்ளைகள் 1,500 பேருக்கு மேல் தெரிந்தெடுத்து அவர்தம் வாழ்வை ஆராய்ந்தார். அவர் சோதனையில் தேறாது விடப்பட்ட சிறுவர்களுள் இருவர், ஷாக்லி என்பாரும் ஆல்வரெஸ் என்பாரும், பின்னாளில் பௌதிகத்தில் நோபல் பரிசு பெற்றனர். அவர் தெரிந்தெடுத்தவருள் அப்பரிசு பெற்றவர் ஒருவருமிலர். புதியது புனையும் ஆற்றல் இவ்வகை வினாக்களுக்குள் அகப்படுவதில்லை என்று கில்போர்டு என்னும் அறிஞர் 1950-ல் எடுத்துரைத்து, ஒரு செங்கல்லுக்கு எத்தனை உபயோகம் சொல்வாய் என்பது போன்ற வினாக்களை அமைத்தார். இதில் வேடிக்கை யாதெனின், தாம் தேறாத அச்சோதனையையே சான்றாகக் காட்டி, கறுப்பர் பிறவியிலேயே அறிவு குறைந்தவர் என்று முதுமையில் வாதாடித் திரிந்தவர் அந்த ஷாக்லியே.

அவருக்கு அரைநூற்றாண்டு முன்பே அவ்வாதத்துக்கு வழி திறந்தவர் கோடார்டு என்பார். பினேயின் வினாக்களை முதலில் ஆங்கிலமாக்கியவர் இவர். 1913-ல் நியூயார்க் துறைமுகத்து எல்லிஸ் தீவில், கப்பலின் அடித்தட்டில் வந்திறங்கிய யூதர், இத்தாலியர், ஹங்கேரியர், ருஷ்யர் சிலரை இவருடைய உதவியாளர் சோதித்தனர். நூற்றுக்கு ஏறக்குறைய எண்பது பேர் மந்தபுத்தியினர் என்று இவர் எழுதினார். அவ்வாறு கப்பலில் வந்திறங்கியவரின் களைப்பும் கலக்கமும் எத்தகையவை என்பதை நம் முன்னோர் நன்கறிவர். கையிலே பென்சில் பிடித்தறியாத ஒரு குடியானவனை, கரையேறிய அன்றே நிறுத்தி, கண்ட உருவத்தை நினைவிலிருந்து வரையச் சொன்னால் அவன் என் செய்வான்?

1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியபோது, யெர்க்ஸ் என்பாரின் தலைமையில் சுமார் 17 லட்சம் சிப்பாய்கள் சோதிக்கப்பட்டனர். படித்தவர்க்கு ஆல்பா, எழுத்தறியாதவர்க்கும் ஆங்கிலம் அறியாதவர்க்கும் பீட்டா. ஆல்பாவில் ஒரு வினா: கிரிஸ்கோ என்பது மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? அது அமெரிக்கக் கடைகளில் விற்ற சமையற் கொழுப்பு. பீட்டாவில் படங்கள்: வலையில்லாத டென்னிஸ் மைதானத்தைக் காட்டி, இதில் குறைவது என்ன என்று கேட்டனர். சிசிலித் தீவின் கிராமத்தான் டென்னிஸை எங்கே கண்டான்? தோட்டத்தில் பால் நிறுக்கும் கிராணி அறிவார்: தராசு பாலின் எடையைக் காட்டும், மரம் நின்ற மண்ணையோ முந்திய இரவு பெய்த மழையையோ காட்டாது.

முடிவுகளை வைத்துப் பிரிகாம் என்பார் 1923-ல் ஒரு நூல் வெளியிட்டார். வட ஐரோப்பியர் உயர்ந்தோர், தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் தாழ்ந்தோர், கறுப்பர் கடையர் என்பது அதன் சாரம். ஆனால் அவர் கையிலிருந்த கணக்கே அதனை மறுத்தது. அமெரிக்காவில் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த குடியேறிகள் அந்நாட்டிற் பிறந்தவருக்கு ஒப்பாகத் தேறினர். புதிதாக வந்தவரே தாழ்ந்தனர். நாட்டுப் பழக்கமே காரணம் என்று சிறு பிள்ளையும் சொல்லும். பிரிகாமோ, முன்பு வந்தவர் நல்ல இரத்தத்தினர், பின்பு வந்தவர் கெட்ட இரத்தத்தினர் என்றார். பள்ளிக்கூடங்கள் நன்றாயிருந்த இல்லினாய், நியூயார்க் முதலிய வட மாகாணங்களின் கறுப்பர், மிஸிஸிப்பி முதலிய தென் மாகாணங்களின் வெள்ளையரைவிட மேலாகத் தேறினர் என்பதும் அதே கணக்கில் இருந்தது. வால்டர் லிப்மன் என்னும் பத்திரிகையாசிரியர், இச்சோதனைகள் பிறவியறிவை அளக்கின்றன என்பதற்கு ஆதாரமில்லை என்று 1922-லேயே எழுதியிருந்தார். மனோதத்துவ நிபுணர்கள் அவரை எள்ளி நகையாடினர். பிற்காலத்தில், 1984-லும் 1987-லும், பிளின் என்னும் அறிஞர் பல நாட்டுக் கணக்குகளை ஒப்பிட்டு, ஒரு தலைமுறைக்குள்ளேயே இவ்வெண் எங்கும் ஏறியிருப்பதைக் காட்டினார். ஒரு தலைமுறையில் இரத்தம் மாறுமோ?

பிரிகாம் 1930-ல் தம் முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று தாமே எழுதி அவற்றைக் கைவிட்டார். அதனை எழுதும் நேர்மை அவருக்கிருந்தது என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆனால் 1924-லேயே குடியேற்றச் சட்டம் நிறைவேறிவிட்டது. அதற்கு இச்சோதனைகளே காரணம் என்று நாம் சொல்லமாட்டோம். இனவெறுப்பும் கூலிப் போட்டியும் முன்பே இருந்தன. வெறுப்புக்கு விஞ்ஞானத்தின் பெயர் கிடைத்தது, அவ்வளவே. அச்சட்டம் 1890-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கை அடிப்படையாக வைத்துத் தென் ஐரோப்பியருக்கும் கிழக்கு ஐரோப்பியருக்கும் வழியைக் குறுக்கிற்று. ஆசியர்க்கு ஏறக்குறைய முழுதும் அடைத்தது. ஹிட்லரின் கொடுமைக்கு அஞ்சி ஓடிய யூதர் பலர் அந்த ஒதுக்கீட்டுக்கு வெளியே நின்றுவிட்டனர். பிரிகாம் 1943-ல் இறந்தார். நாட்டுவாரி ஒதுக்கீடு 1965-ல்தான் நீக்கப்பட்டது.