நடு ஸ்பீக்கர் யாருக்காகப் பிறந்தது?

மக்களே, கொஞ்சம் நீளமான த்ரெட். சின்ன ஹால்ல, கோணல்மாணலான ஹால்ல ஹோம் தியேட்டர் வைக்கத் திணறுறவங்களுக்கும், காது மந்தமான பெரியவங்க வீட்ல இருக்கிறவங்களுக்கும். பாதி வரலாறு, கொஞ்சம் மருத்துவம். கடைசியில் எந்த ஸ்பீக்கரை எங்கே வைக்கிறதுன்னும் சொல்றேன்.

1) எங்க வீட்டு ஹால் 10 அடி அகலம், 14 அடி நீளம். டைனிங் டேபிளுக்காக ஒரு பக்கம் உள்ளே வாங்கி, எல் வடிவத்தில் இருக்கும். டிவிக்கு இடது பக்கம் பால்கனிக் கதவு, வலது பக்கம் சமையலறைக்குப் போகும் வழி. இந்த இடத்தில் ஒரு 5.1 செட்டை நானே மாட்டினேன். நடு ஸ்பீக்கரை டிவிக்குக் கீழே ஷோகேஸ் உள்ளே, பொம்மைகளுக்குப் பின்னால் தள்ளிவிட்டேன். இடது ஸ்பீக்கர் அப்பாவின் நாற்காலிக்கு 3 அடியில் வந்து நின்றது.

அப்பா ஒரு வாரம் பார்த்தார். "சத்தம் நல்லாத்தான் கேக்குது. பேச்சுதான் புரியல"ன்னார். வால்யூமைக் கூட்டினோம். அடுத்த வாரத்திலிருந்து சாப்பிட்டதும் போனை எடுத்துக்கிட்டு ரூமுக்குப் போக ஆரம்பித்தார். சண்டை இல்லை, கோபம் இல்லை. ஹாலுக்கு வரலை, அவ்வளவுதான்.

2) இதே வாக்கியத்தை நோயாளிகள் சொல்லும்போது நான் உடனே கேட்புத்திறன் பரிசோதனைக்கு எழுதுவேன். சொந்த அப்பாவுக்கு எழுத மூணு மாசம் ஆச்சு. ஆடியோகிராமில் எதிர்பார்த்ததுதான் இருந்தது. வயதாவதால் வரும் கேட்புக் குறைவு. தாழ்ந்த சுருதிகள் நன்றாகக் கேட்கும். மேல் சுருதிகள் குறையும்.

பேச்சில் உயிரெழுத்து ஒலிகளுக்குத்தான் பலம் அதிகம். ஆனா ச, ஸ, த மாதிரி மெய்யொலிகளின் அடையாளம் பெரும்பாலும் மேல் சுருதியில்தான் இருக்கு. அது போய்விட்டால் யாரோ பேசுவது தெரியும். என்ன பேசுகிறார் என்பது தெரியாது. வால்யூமைக் கூட்டினால் பின்னணி இசையும் சேர்ந்துதான் கூடும்.

3) அந்த ஆடியோகிராமைப் பார்த்துக்கிட்டிருந்தப்பதான் ஒரு மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். ஹார்வி ஃப்ளெட்சர். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த இயற்பியலாளர். 1920-களில் கேட்புத்திறனை அளக்கும் ஆடியோமீட்டரை உருவாக்கியவர்களில் ஒருவர். மனிதக் காது எதைக் கேட்கும், எதைத் தவறவிடும் என்பதையே ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர்.

ஷோகேஸ் உள்ளே நான் ஒளித்துவைத்த அந்த நடு ஸ்பீக்கரின் வரலாறும் அவரிடம்தான் போய் நிற்கும்.

4) 1933 ஏப்ரல் 27. பிலடெல்பியாவில் இசைக்குழு வாசிக்கிறது. சுமார் 200 கிலோமீட்டர் தள்ளி, வாஷிங்டனில் ஒரு அரங்கம் நிறைய மக்கள் உட்கார்ந்து கேட்கிறார்கள். மேடையில் இசைக்கலைஞர் ஒருவர்கூட இல்லை, ஸ்பீக்கர்கள் மட்டும். இசைக்குழுவின் புகழ்பெற்ற நடத்துநர் லியோபோல்ட் ஸ்டோகோவ்ஸ்கி, வாஷிங்டனில் உட்கார்ந்து ஒலி அளவைக் கட்டுப்படுத்துகிறார். ஏற்பாடு ஃப்ளெட்சர் குழு.

அங்கே இடது, நடு, வலது என மூன்று மைக், மூன்று தொலைபேசித் தடம். இங்கே மூன்று ஸ்பீக்கர். ஏன் மூன்று? நமக்குக் காது இரண்டுதானே?

5) இதற்கு விடை 1907-லேயே ஒருவர் எழுதியதில் இருக்கு. ராலே பிரபு. (இவருக்கும் ஒரு மருத்துவக் கதை உண்டு. 1872-ல் ரூமாட்டிக் காய்ச்சலில் படுத்து, உடம்பு தேற எகிப்துக்குப் போனவர், நைல் நதியில் படகு வீட்டில் இருந்துகொண்டு ஒலியியல் நூல் எழுதத் தொடங்கினார்.)

அவர் சொன்னது இதுதான். தாழ்ந்த ஒலி எந்தப் பக்கம் இருந்து வருகிறது என்பதை, எந்தக் காதுக்கு முதலில் வந்தது என்ற நேர வித்தியாசத்தை வைத்து அறிகிறோம். உயர்ந்த ஒலியை, எந்தக் காதில் பலமாக விழுந்தது என்பதை வைத்து அறிகிறோம். அந்த நேர வித்தியாசம் அதிகபட்சமே ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

இப்ப கணக்குப் போடுங்க. ஒலி ஒரு அடி கடக்க ஏறத்தாழ 0.9 மில்லி விநாடி ஆகும். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரிநடுவில் உட்கார்ந்தால், நடுவில் யாரோ பாடுவது போலத் தோன்றும். ஒரே ஒரு அடி இடது பக்கம் நெருங்கினாலே போதும், பாடகர் இடது ஸ்பீக்கருக்குள் போய்விடுவார். அப்பாவுக்கும் இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் உள்ள தூர வித்தியாசம் 7 அடி!

அரங்கத்தில் எல்லோரும் நடுவில் உட்கார முடியுமா? இரண்டு தடம் மட்டும் வைத்தபோது, மேடையின் நடுப்பகுதி பின்னால் தள்ளிப்போனது போலக் கேட்டதையும் பெல் ஆய்வகத்தார் பதிவு செய்திருக்கிறார்கள். நடு ஸ்பீக்கர் இருந்தால் ஓரத்து இருக்கைக்காரருக்கும் நடுவில் இருப்பது நடுவிலிருந்தே கேட்கும்.

6) சினிமா இதைப் பிடித்துக்கொண்டது. 1953-ல் சினிமாஸ்கோப்பில் வந்த முதல் படமான 'தி ரோப்' நான்கு தட ஒலியோடு வந்தது. திரைக்குப் பின்னால் மூன்று, அரங்கத்துக்குள் ஒன்று.

ஆனா வீட்டுக்கு வந்தது இரண்டுதான். காரணம் இசைத்தட்டு. அதன் பள்ளத்துக்குச் சுவர் இரண்டு. ஒரு சுவரில் இடது, மறு சுவரில் வலது. இந்த வழியை ஆங்கிலேயப் பொறியாளர் ஆலன் ப்ளம்லைன் 1931-லேயே காப்புரிமை விண்ணப்பத்தில் எழுதிவிட்டார். ரேடார் சோதனைக்குப் போன விமானம் விழுந்து 1942-ல் இறந்தபோது அவருக்கு வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டு கடைகளுக்கு வந்தது 1958-ல். வீடுகளில் நடு ஸ்பீக்கர் பரவலாகத் தொடங்கியதோ 1987-ல் டால்பி ப்ரோ லாஜிக் வந்த பிறகுதான்.

இன்றைக்கும் 5.1 படங்களில் வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கரில்தான் வரும். அதாவது நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? இசையை அப்பாவின் காதோரம் வைத்துவிட்டு, பேச்சை அலமாரியில் பூட்டிவைத்திருந்தேன்.

7) இன்னொரு எதிரி, டைல்ஸ் தரையும் வெறும் சுவரும். 1895-ல் ஹார்வர்டில் ஒரு புது விரிவுரை அறையில் பேசியது யாருக்கும் புரியவில்லை. ஒரு ஒலி அடங்க 5.5 விநாடி ஆனது. முந்தின வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை வந்துவிடும். வாலஸ் சபைன் என்ற இளம் ஆசிரியர், பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் தூக்கிவந்து போட்டு அளந்தார். விடிவதற்குள் திருப்பி வைத்தார். மெத்தை கூடக் கூட எதிரொலி குறைந்தது. கட்டட ஒலியியல் என்ற துறையே அங்கிருந்துதான் வளர்ந்தது. நமக்கு அவர் சொல்வது: ஒரு ஜமுக்காளம், கனமான திரைச்சீலை.

8) நாங்க செஞ்சது இவ்வளவுதான்:

- நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்து, பலகையின் முன் விளிம்பில், உட்கார்ந்தவர் காதைப் பார்த்து லேசாக மேல் நோக்கிச் சாய்த்தோம்.
- இடது ஸ்பீக்கரை டிவி பக்கம் நகர்த்தினோம். அப்பா நாற்காலி 2 அடி உள்ளே வந்தது.
- டேப் வைத்து அளந்து, ஒவ்வொரு ஸ்பீக்கரின் தூரத்தையும் ரிசீவரில் பதிந்தோம். நடு ஸ்பீக்கர் அளவை 3 டெசிபல் கூட்டினோம்.
- வலது பக்கம் சுவர் இல்லாததால், சரவுண்ட் ஸ்பீக்கரை சோபாவுக்குச் சற்றுப் பின்னால் ஸ்டாண்டில் வைத்தோம்.
- சப்வூஃபரை சோபாவில் வைத்து, பாஸ் ஓடவிட்டு, தரையில் தவழ்ந்து எங்கே சீராகக் கேட்கிறதோ அங்கே கொண்டுபோய் வைத்தோம். மூலையில் வைத்தால் அதிரும்.
- தரையில் ஜமுக்காளம், பால்கனிக் கதவுக்குத் திரை.

ஜமுக்காளம், திரை, ஸ்டாண்டுக்கு மட்டும்தான் காசு செலவு.

9) டாக்டராக ஒரு வார்த்தை. ஸ்பீக்கரை நகர்த்துவது வைத்தியம் ஆகாது. பெரியவர்கள் "பேச்சு புரியல"ன்னா முதலில் காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்க, பிறகு ஆடியோகிராம். தேவைப்பட்டால் காது கேட்கும் கருவி. திடீர்னு ஒரு காது மட்டும் கேட்கலைன்னா அன்றைக்கே மருத்துவரைப் பாருங்க. நாள் தள்ளினால் சிகிச்சைக்கான நேரம் போயிடும். கேட்புக் குறைவு, பின்னாளில் மறதி நோய் வரும் அபாயத்தோடு தொடர்புடையது. சரிசெய்ய வாய்ப்புள்ள காரணிகளில் ஒன்றாக அதை 2020-ல் லான்செட் ஆணையமும் பட்டியலிட்டது.

10) அப்பா இப்போது கருவி போட்டுப் பழகிக்கொண்டிருக்கிறார். பாதி நாள் கழற்றி வைத்துவிடுவார். ஆனா போன ஞாயிற்றுக்கிழமை ஹாலில் முழுப் படமும் பார்த்தார். முடிந்ததும், "கிளைமாக்ஸ்ல அவன் சொன்ன காரணம் சரியில்ல"ன்னு எங்களோட அரை மணி நேரம் வாதாடினார். காரணம் காதில் விழுந்ததால்தானே வாதாட முடிந்தது!

உங்க ஹால் கோணலா இருந்தாலும் பரவாயில்லை. ஸ்பீக்கர் மாட்டும் முன் ஒரு கேள்வி மட்டும் கேட்டுக்கோங்க: நம்ம வீட்ல ஓரத்து நாற்காலி யாரோடது? அங்கே போய் உட்கார்ந்து ஒரு காட்சி கேட்டுப் பாருங்க. மற்றதை அப்புறம் பார்த்துக்கலாம்.