கேட்டுப் படித்தவர்களின் ஏடு

நாளேடுகளின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் பலரும் அவற்றை நடத்தியோரின் வரலாற்றையே எழுதி வைத்தனர். தொடங்கியவர் யார், ஆசிரியர் எவர், எந்த வழக்கில் எத்தனை திங்கள் சிறை என்பதே அவர்தம் கணக்கு. வாங்கியவன் யார்? வாங்க வழியற்றவன் என்ன செய்தான்? எழுத்தே அறியாதவனிடம் அந்த ஏடு எப்படிப் போய்ச் சேர்ந்தது? இவற்றைக் கேட்டால்தான் ‘தினத்தந்தி’ போன்றதோர் ஏட்டுக்குத் தமிழ் மக்கள் வாழ்வில் உள்ள இடம் விளங்கும்.

அதற்கு முன்பு ஏடுகள் இல்லாமற் போகவில்லை. ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882இல் கிழமை இதழாகத் தொடங்கிய ‘சுதேசமித்திரன்’ 1899இல் நாளேடாயிற்று. தமிழில் நாளேடு நடத்த இயலும் என்று காட்டிய பெருமை அதற்கு உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அதன் நடை எவருக்கு உரியது? தலைவர் அங்கே அக்கிராசனர், வேட்பாளர் அபேட்சகர், செயலாளர் காரியதரிசி. “அக்கிராசனர் பிரசங்கித்தார்” என்று அச்சிட்டால், திருவெறும்பூர் வயலில் நாற்று நடுபவர் நடந்தது விழாவா விபத்தா என்று எங்ஙனம் அறிவார்? நீதிக்கட்சியின் ‘திராவிடன்’ 1917இல் வந்தது. 1934இல் ‘தினமணி’யும், 1935இல் ‘விடுதலை’யும் வந்தன. நடை இளகிற்று, கருத்து கூர்மை பெற்றது. எனினும் 1951 குடிக்கணக்கின்போதுகூடச் சென்னை மாநிலத்தில் எழுத்தறிந்தவர் ஏறத்தாழ ஐவரில் ஒருவரே. மற்ற நால்வரின் காதுக்கு ஏற்ற ஏடு ஒன்று வேண்டியிருந்தது.

சி. பா. ஆதித்தனார் திருச்செந்தூரையடுத்த காயாமொழியில் 1905இல் பிறந்தவர். இலண்டனில் சட்டம் பயின்று, சிங்கப்பூரில் வழக்கறிஞராக இருந்தவர். இலண்டன் ‘டெய்லி மிரர்’ ஏட்டைப் பார்த்து, அதுபோல் தமிழ் உழைப்பாளிக்கும் ஓர் ஏடு வேண்டுமென எண்ணினார். 1942 நவம்பர் முதல் நாள் மதுரையில் ‘தந்தி’ பிறந்தது. காலத்தைக் கவனியுங்கள். அவ்வாண்டு பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் சப்பானியர் கையில் வீழ்ந்துவிட்டது. திருச்சி, தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களில் மலாய் நாட்டுக்கும் பர்மாவுக்கும் பிழைக்கப் போனவர்களின் குடும்பங்கள் எத்தனை! கடிதம் நின்றது; பணவிடை நின்றது. மகன் உயிரோடிருக்கிறானா என்று அறியாத தாய்க்குப் போர்ச்செய்தி அரசியல் அன்று, வீட்டுச் செய்தி. சென்னையில் அச்சான ஏடுகளோ தென்பகுதிக்கு ஒரு நாளேனும் கழித்தே வந்து சேர்ந்தன. மதுரையில் அச்சிட்டுப் பேருந்தில் ஏற்றி ஊர்தோறும் இறக்கியபோது அந்த ஒரு நாள் மிச்சமாயிற்று. போர்க்காலத்தில் அச்சுத்தாளுக்குக் கட்டுப்பாடு வரவே, வைக்கோலிலிருந்து கையால் தாள் செய்து அச்சிட்டார்கள்! வைக்கோல் தாளில் வந்த உலகப்போரைத்தான் நம் பாட்டனார் பார்த்தனர். பின்னர் திருநெல்வேலி, சென்னை, சேலம் என்று பதிப்புகள் பெருகின. நம் திருச்சியும் ஒரு பதிப்பைப் பெற்றது.

மக்கள் பேசும் சொல்லில் எழுதுக, கொச்சையை மட்டும் நீக்குக, வாக்கியத்தைச் சிறிதாக்குக. ஆதித்தனார் செய்தியாளர்க்கு வகுத்த நெறியின் சாரம் இது. எளிதென்று தோன்றும்; எழுதிப் பார்த்தவர்க்கே அருமை தெரியும். அடுக்குமொழியில் ஆசை மிக்க நம் போன்ற இளைஞர்கள் இங்கே சற்றுத் தலை கவிழத்தான் வேண்டும். மேடையில் முழங்கும் மோனையைத் தேநீர்க்கடையில் ஒருவன் உரக்கப் படித்தால் மூன்றாம் வரியில் மூச்சு முட்டும். ‘தந்தி’யின் வரியோ வாய்விட்டுப் படிப்பதற்கென்றே ஆனது போலிருக்கும்.

அப்படித்தான் அது படிக்கவும்பட்டது. முடிதிருத்தும் கடையிலும் தேநீர்க்கடையிலும் நம் இயக்கத்தார் நிறுவிய படிப்பகங்களிலும் ஒருவர் படிக்கப் பத்துப்பேர் கேட்டனர். ஒரு தேநீரின் விலைக்கு உலகம் கிடைத்தது. தேநீரும் வாங்க இயலாதவன் நின்றுகொண்டே கேட்டான். ஆயினும் தோழர்களே, அந்தக் கடைகளை ஏதோ சமத்துவபுரியாக எண்ணி மயங்க வேண்டா. இரட்டைக் குவளை இருந்த கடைகளிலும் இதே ஏடு படிக்கப்பட்டது. ஒருசாரார் பெஞ்சில் அமர்ந்து கேட்டனர். வெளியே குந்தியிருந்தோர் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டனர். குரல் வாசலைத் தாண்டியது, பெஞ்சு தாண்டவில்லை. செய்தி பொதுவானதாலேயே சமுதாயம் பொதுவாகிவிடாது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

குறையையும் சொல்லியாக வேண்டும். 1952இல் ஆளவந்தார் கொலை வழக்கு நாட்டையே கலக்கிற்று. தலையற்ற உடலொன்று இரும்புப் பெட்டியில் வைக்கப்பட்டுச் சென்னையிலிருந்து தொடர்வண்டியில் கிளம்பி, மானாமதுரையில் கண்டெடுக்கப்பட்டது. கிழமைக்கணக்கில் அதனை விடாது எழுதிய ‘தந்தி’க்கு வாசகர் பெருகினர். நீதிமன்றத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை எளியோர் அறிந்தது நன்றே. ஆனால் குற்றச்செய்தியில் கைதான பெண்ணை ‘அழகி’ என்று எழுதி, ஆடவனைத் தொழிலாலும் ஊராலும் குறிக்கும் வழக்கம் நம் நாளேடுகளில் வேரூன்றியதே, அது எந்த நீதி? இராசிபலனோ இன்னும் நாள்தோறும் வருகிறது. உரிமையாளரே அரசியல்வாதியுமாய் இருந்ததையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆதித்தனார் 1958இல் ‘நாம் தமிழர்’ இயக்கம் கண்டார். 1967இல் சட்டமன்றத் தலைவரானார். அவருடைய ஏட்டை அவருடைய அரசியலையும் நினைவிற் கொண்டே படிக்க வேண்டும்.

1960இல் ‘கன்னித்தீவு’ படக்கதை தொடங்கிற்று. தீராத கதை என்று ஏளனம் செய்வோர் உளர். பள்ளி ஆசிரியனாகிய நான் ஏளனம் செய்யமாட்டேன். படத்தைப் பார்த்து, அதன் கீழுள்ள சொல்லை ஊகித்து, எழுத்துக்கூட்டக் கற்றதாகச் சொல்லும் முதியோரை நானே கண்டிருக்கிறேன். 1965இல் திருவெறும்பூரில் மிகுமின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலை எழுந்தது. பல மாவட்டத்து மக்கள் வேலைக்கென்று குடியேறினர். சொந்த ஊரின் மழையையும் நெல் விலையையும் அவர்களுக்குக் கொண்டுவந்தது காலை ஏடே.

எஸ்.எஸ்.எல்.சி. முடிவு நாளேட்டில் பதிவெண்களாக வந்த காலம் வேறு. ஒரே தாளை ஊரே சூழ்ந்து நிற்கும். எண் இருந்தால் தேர்ச்சி, இல்லையென்றால் இல்லை. அவ்வளவு பேர் நடுவே தன் எண்ணைத் தேடித் தேடி விரல் ஓய்ந்த பிள்ளையை எவரும் வரலாற்றில் எழுதவில்லை. இன்று முடிவு கைப்பேசிக்கு வருகிறது. தோற்ற பிள்ளைக்கு இதுவே நலம் என்பது என் கருத்து. மூத்த ஆசிரியர் சிலர் ஒப்பமாட்டார்கள்.

ஏடு படிக்கக் கேட்டு வளர்ந்த தலைமுறை விரைந்து மறைந்து வருகிறது. எண்பதைக் கடந்தோர் நம் ஊர்களில் இன்னும் சிலர் உள்ளனர். படிப்பகத் தோழர்கள் குறிப்பேட்டோடு அவர்களிடம் செல்லட்டும். எந்தக் கடையில், யார் படிக்கக் கேட்டீர்கள்? எங்கே அமர்ந்து கேட்டீர்கள்? பெண்கள் கேட்டார்களா, கேட்டால் எங்கிருந்து? விடைகளை ஊர்ப்பெயரோடும் ஆண்டோடும் எழுதி வையுங்கள்.