மைராவின் நிக்கலஸ்

நத்தார்ப் பாப்பாவின் உருவத்துக்குப் பின்னே நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆயர் ஒருவர் நிற்கின்றார் என்பது பலரும் அறிந்ததே. இன்று துருக்கியின் தென்கரையில் தெம்ரே என வழங்கும் ஊரே அன்றைய மைரா. அங்கு ஆயராயிருந்த நிக்கலஸ் எழுதியதாக ஒரு வரிதானும் எஞ்சவில்லை. ஆதலின் அவரைப் பற்றி மக்கள் எவற்றை நினைவிற் கொண்டனர் என்பதே நம் ஆராய்வுக்குரியது.

அவரைப் பற்றிய மிகப் பழைய கதை கொடையைப் பற்றியதன்று. தேசாதிபதி இயூஸ்தாதியுஸ் கைக்கூலி பெற்றுக் குற்றமற்ற மூவருக்குக் கொலைத்தண்டனை விதித்தான். அஃதறிந்த ஆயர் கொலைக்களத்துக்கு விரைந்து, ஓங்கிய வாளைப் பறித்தார். பின்னர் தேசாதிபதியை நேரிற் கண்டு இடித்துரைத்தார். இதனைக் கண்ட படைத்தலைவர் மூவர் பின்னாளிற் பொய்க்குற்றத்தாற் சிறைப்பட்டு அவரை வேண்டவே, அவர் கொன்சுதந்தீன் பேரரசனின் கனவில் தோன்றி அவர்களை விடுவித்தார் என அக்கதை தொடரும். கனவை வரலாறாக ஏற்பதற்கில்லை. எனினும் அம்மூவரையும் சிறைப்படுத்தியதாகக் கூறப்படும் அப்லாபியுஸ் கற்பனை மாந்தனல்லன், கி.பி. 331 இல் கொன்சல் பதவி வகித்தவன்.

பொன்முடிப்புக் கதையோ பிற்கால நூல்களிலேயே விரிவுபெறுகின்றது. வறுமையுற்ற ஒருவன், சீதனங் கொடுக்க வகையின்றித் தன் புதல்வியர் மூவரையும் பரத்தைமையில் தள்ள எண்ணினான். நிக்கலஸ் இரவில் சாளரத்தின் வழியே ஒவ்வொருத்திக்கும் ஒரு பொன்முடிப்பை எறிந்தார். மூன்றாம் முறை தந்தை ஓடிப் பிடித்தபோது, எவர்க்கும் உரையாதே என்றார். (சீதனம் யாதென யாழ்ப்பாணத்தார்க்கு விளக்கவேண்டியதில்லை.) அம்முடிப்புகள் ஓவியங்களிற் பொற்பந்துகளாயின, ஐரோப்பாவின் அடைவு பிடிப்போர் அவரைத் தம் பாதுகாவலராக்கிக் கொண்டனர். வட்டியின்றிக் கொடுத்தவர்க்கு இப்படியும் ஒரு கதி!

1087 இல் இத்தாலியின் பாரித் துறைமுக மாலுமிகள் அவர்தம் என்புகளை மைராவிலிருந்து கவர்ந்து சென்றனர். (நம் வள்ளலின் பெயரோடு இத்துறைக்கு உறவேதுமில்லை.) அதன்பின் மேற்கில் அவர் புகழ் பெருகியது. ஒல்லாந்தர் அவரைச் சின்ரக்கிளாஸ் என்றனர். அப்பெயரே அமெரிக்காவிற் சாந்தாக் கிளாஸ் எனத் திரிந்தது. ஆயரின் முடியும் கோலும் மறைந்தன; பரிசுப்பை எஞ்சியது. ஆள்வோனை எதிர்த்து நின்றவரைக் காட்டிலும், எவர்க்கும் இடரின்றி ஈந்தவரை விழாவாகக் கொண்டாடுதல் எளிதாயிருந்தது போலும்.

கிழக்குத் திருச்சபை பழைய கதையை முற்றாக மறந்திலது. உருசிய ஓவியர் இலியா ரேப்பின் 1880களின் இறுதியில் தீட்டிய பெரும் ஓவியத்திற் பொன்முடிப்பு இல்லை. முதிய ஆயர் கொலைஞனின் வாளைப் பற்றி நிற்கின்றார்.