முட்டுக்கட்டையும் முன்னச்சும்

ஒரு காரியத்தைத் தடுப்பவரை 'முட்டுக்கட்டை போடுகிறார்' என்கிறோம். அச்சொல் பிறந்த தேர்வீதியிலோ, கட்டையின் வேலை தடுப்பது மட்டுமன்று; திருப்புவதும்தான். பங்குனிப் பெருவிழாவின் ஏழாம் நாள் மயிலை மாடவீதி மூலையொன்றில் நின்று பார்த்தால் இது விளங்கும். தேரின் அச்சு அசையாதது. சக்கரம் இடமோ வலமோ திரும்பாது. உருளும் சக்கரத்தின் அடியில் கட்டையைச் சாய்த்துக் கொடுத்து, அதன்மேல் வழுக்கவிட்டே தேரைத் திருப்புகிறார்கள். கட்டை போடுபவரின் கை சக்கரத்துக்கு வெகு அருகில் போய் மீள்கிறது. வடம் பிடிப்போரைப் படமெடுக்கும் கூட்டம் அவரை ஏனோ கவனிப்பதில்லை.

திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரங்களும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்தளித்த பின்னும், மூலைகளில் இரும்புத் தகடு பரப்பி மசகு தடவித்தான் தேரைத் திருப்பினார்கள். நிறுத்துவதற்கு விடை கிடைத்தது, திருப்புவதற்குக் கிடைக்கவில்லை.

திருப்பத்தில் உட்சக்கரம் சிறுவட்டத்தையும் வெளிச்சக்கரம் பெருவட்டத்தையும் வரைகின்றன. ஒரே கோணத்தில் திரும்பினால் ஏதேனும் ஒன்று தரையில் உரசியே தீரும். மியூனிக் நகரத்து வண்டித் தொழிலர் லாங்கென்ஷ்பெர்கர் 1817இல் இதற்கு வழி கண்டார்: அச்சு அப்படியே நிற்க, அதன் இரு முனைகளிலும் சக்கரங்கள் மட்டும் வெவ்வேறு கோணத்தில் திரும்பும். 1818இல் லண்டனில் அவர் சார்பாகக் காப்புரிமை பெற்ற ஆக்கர்மனின் பெயரே அதற்கு நிலைத்துவிட்டது. முகவருக்குப் புகழ் சேர்வது புதிதல்லவே!

சென்னையில் குதிரை வண்டி கட்டுவதற்காக 1840இல் தொடங்கப்பட்ட சிம்சன் நிறுவனத்தில், 1903இல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் ஒன்றைக் கட்டினார். பின்னர் 1948இல் அசோக் மோட்டார்ஸ் தோன்றி, 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. அக்காலத்து லாரியின் முன்புறம் எளிமையானது: ஒரே துண்டாக வார்ப்பிரும்பல்லாத உருக்கு அச்சு, முனைகளில் கிங்பின், மேலே பட்டை ஸ்பிரிங்.

அதைப் பிரித்து, கிங்பின்னும் புஷ்ஷும் புதிதாக ஏற்றி, பட்டைகளை மாற்றிப் பூட்டியதும் வேலை முடிந்ததாகத் தோன்றும். உண்மையில் பாதிதான் முடிந்திருக்கும். இரு முன்சக்கரங்களுக்கும் இடையே முன்விளிம்பு இடைவெளி பின்விளிம்பு இடைவெளியைவிடச் சில மில்லிமீட்டர் குறைவாக இருக்கும்படி டை ராடைத் திருக வேண்டும். ஒரு மீட்டர் விட்டமுள்ள சக்கரங்களில் இவ்வளவு 3 மில்லிமீட்டர் பிசகினாலும், ஒவ்வொரு டயரும் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடும்.

அடுத்தது கிங்பின்னின் சாய்வு. அதன் மேல்முனை சற்றே பின்சாய்ந்திருந்தால்தான் ஸ்டியரிங் தானாக நேருக்கு மீளும். புதுப்பட்டைகளின் வளைவு மாறும்போது அச்சும் புரண்டு இந்தச் சாய்வு குலைகிறது. அதை மீட்கும் வழி நமக்கு வியப்பளித்தது: பட்டைக்கும் அதன் கீழுள்ள அச்சுக்கும் நடுவே ஓர் ஆப்புத் தகடு! மாடவீதிக் கட்டையின் தம்பி எனலாம். தடித்த ஓரம் பின்பக்கம் பார்க்க வேண்டும். மாற்றிச் செருகினால் லாரி நேர்சாலையிலும் அலையும். புதுப்பட்டைகள் சுமையில் அமர்ந்தபின் இன்னொரு முறை அளக்கிறார்கள்.