கரும்புக் காட்டில் தரவு வந்த வழி: உணரி வலைகளில் மூலத்தடமும் மின்சிக்கனமும்

மோகனூரில் சேலம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருப்பதால் சுற்றுவட்டாரக் காவிரிக் கரையெங்கும் கரும்பு நிற்கிறது. அப்படியொரு தோட்டத்தில் மண்ணின் ஈரத்தை அளக்கும் கம்பியில்லா உணரிகளைப் பதித்தால், கடைக்கோடிக் கணுவின் (ஒவ்வொரு உணரிக் கருவியும் ஒரு கணு) அளவு, தரவைத் திரட்டும் தளநிலையத்தை நேரே எட்டாது. இடையிலுள்ள கணுக்கள் கைமாற்றி அனுப்ப வேண்டும். அளவு பிசகினால், அது எங்கே பிறந்தது, யார் யார் கை பட்டு வந்தது என்று தெரிந்தாக வேண்டும். இல்லாவிட்டால் அதை நம்பி மடை திறக்க முடியாது. இந்த மூலத்தடத்தைத் தரவோடு அனுப்பும் முறைகள் வளர்ந்த திசையை, எல்லாவற்றுக்கும் மேலாக, மின்கலமே தீர்மானித்தது என்பது என் வாதம்.

2003இல் வெளியான ஐ.இ.இ.இ. 802.15.4 கம்பியில்லாத் தொடர்புத் தரத்தில் ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவு 127 பைட். அக்காலத்து டெலாஸ்-பி கணு இரண்டு ஏ.ஏ. மின்கலங்களில் ஓடியது, அதன் நினைவகம் 10 கிலோபைட். வானொலி விழித்திருக்கையில் சுமார் 20 மில்லி ஆம்பியர் இழுக்கும். உறங்கும்போது மைக்ரோ ஆம்பியர் கணக்கில்தான் செலவு. ஒவ்வொரு கணுவும் தன் இரண்டு பைட் அடையாளத்தை ஒட்டிக்கொண்டே போனால், 20 கணுக்களைக் கடந்த பொதியில் 40 பைட் தடத்துக்கே போய்விடும். தளநிலையத்துக்குப் பக்கத்திலுள்ள கணுக்கள் எல்லோருடைய சுமையையும் தாங்கி முதலில் அணைந்துபோகும்.

இதற்கான முதல் விடை இணையத்திலிருந்து வந்தது. சேவை முடக்கத் தாக்குதல்களின் தோற்றுவாயைக் கண்டறிய, திசைவிகள் சில பொதிகளில் மட்டும் எழுந்தமானமாகக் குறியிடலாம் என்று 2000இல் ஸ்டெஃபான் சாவேஜும் உடனாய்வாளர்களும் முன்மொழிந்தார்கள். 2011இல் பர்டூ பல்கலைக்கழகத்தின் இஃப்தேகாருல் ஆலமும் சோனியா ஃபாமியும் அந்த எண்ணத்தை உணரி வலைக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு பொதி தடத்தின் ஒரு துண்டை மட்டும் சுமக்கும். துண்டுகளைத் தளநிலையம் கோத்துக்கொள்ளும். செலவு குறைவுதான். ஆனால் போதுமான பொதிகள் சேரும்வரை பாதை மாறாதிருக்க வேண்டும்.

சல்மீன் சுல்தானா, எலிசா பெர்டினோ குழுவினர் 2012இல் வேறு வழி பிடித்தார்கள். பர்ட்டன் புளூம் 1970இல் வகுத்த புளூம் வடிகட்டியைப் பொதிக்குள்ளேயே வைத்தார்கள். கணுக்கள் நிலையான அளவுள்ள பிட் வரிசையில் சில பிட்களை மாற்றிவிட்டு அனுப்புகின்றன. ஒரே பொதியில் முழுத் தடமும் அடங்குகிறது. பாதையில் இல்லாத கணு இருப்பதுபோல் எப்போதாவது தோன்றுவது அதற்கான விலை. தடத்தைப் பொய்யாகப் புனைவதையும், பொதிகளை வழியில் வேண்டுமென்றே கைவிடுவதையும் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு இங்கேதான் சிக்கனத்தோடு இணைந்தது. இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் இதுவே.

2014இல் வந்த எண்கணிதக் குறியாக்க முறை, அடிக்கடி வரும் கணுக்களுக்குக் குறைந்த பிட்களை ஒதுக்கித் தடத்தை இழப்பின்றிச் சுருக்கியது. 2016இல் சாங்டா வாங், சையத் ரஃபியுல் ஹுசைன், பெர்டினோ ஆகியோர் அகராதி முறையை வெளியிட்டார்கள். அறிந்த பாதைக்கு ஒரு சுட்டெண் போதும். புதிய பாதை தோன்றும்போது மட்டுமே கூடுதல் செலவு.

கரும்பில் இந்தக் கூடுதல் செலவுதான் உறுத்துகிறது. இக்கணுக்கள் பேசும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை இலையிலுள்ள நீர் உறிஞ்சும். கரணை நட்ட புதிதில் வெட்டவெளி; பாதைகள் நிலைத்திருக்கும், அகராதி முறை பொருந்தும். தோகை மூடி ஆளுயரம் தாண்டும்போது பழைய இணைப்புகள் நலிந்து பாதைகள் அடிக்கடி மாறும், கைமாற்றங்கள் பெருகும். அகராதியைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருக்கும். அந்தப் பருவத்துக்குப் புளூம் வடிகட்டியையே நான் தேர்வேன். வெட்டு முடிந்து மறுதாம்பு துளிர்க்கும்போது வயல் மீண்டும் திறந்துவிடும், அகராதிக்குத் திரும்பலாம்.